வசூலும் விசாலும்: தில்லி, ராம்பூர், லக்னோ நாட்குறிப்பு

ஜனவரி 7, ஞாயிறு (வருவாய்த் துறை ஆண்டுக் கணக்கில் பசலி 1433), தில்லி

வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு எழுத்து வேலை பார்த்தவனுக்கு உருது அகராதியோடு என்ன உறவு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் என் பையில் கிடக்கும் நோட்டில் இருக்கிறது. தாசில்தார், ஜமாபந்தி, கிஸ்தி, வசூல், பாக்கி, ஜப்தி, அசல், நகல், ஜாமீன், ராஜினாமா, மசோதா என்று நான் பணியில் எழுதி எழுதித் தேய்த்த சொற்களின் பட்டியல் அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் இப்படிப்பட்ட சொற்களின் பக்கத்தில் உருது என்பதற்கான ஒற்றை எழுத்துக் குறிப்பு நிற்கும். அதோடு சரி. சம்பந்தியின் பெயரைச் சொல்லிவிட்டு ஊரைச் சொல்லாமல் விட்டது போல. அந்த ஊரைப் பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

துணைக்கு வாணியம்பாடி நண்பர் வந்திருக்கிறார். தோல் மண்டியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். நான் அவரை 'பாய்' என்பேன். அவர் என்னை 'தாசில்தார் சார்' என்பார். நான் ஒருநாளும் உட்காராத நாற்காலி அது, கேலிக்காகச் சொல்வது. உருது எழுத்தை எனக்குக் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான். இரண்டு ஆண்டு, மாலைத் தேநீரோடு அரை மணி நேரம்.

ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை முன்பு தரியாகஞ்ச் நடைபாதையில் இருந்தது. 2019-இல் அங்கிருந்து எடுத்து, ஆசஃப் அலி சாலையில் மகிளா ஹாட் என்ற வளாகத்துக்குள் போட்டுவிட்டார்கள். காலை பத்தரை மணிக்கும் வெயில் இல்லை. கடைக்காரர்கள் குல்லாய்க்குள்ளிருந்து கண்ணை மட்டும் காட்டி வியாபாரம் செய்தார்கள். நுழைவுத் தேர்வுக் கையேடுகளின் குன்றுக்கு அடியில் பிளாட்ஸ் அகராதியின் மறுபதிப்பு கிடந்தது. ஜான் பிளாட்ஸ் 1884-இல் லண்டனில் வெளியிட்ட உருது-இந்தி-ஆங்கில அகராதி. ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கு மேல். விலை தொள்ளாயிரம் என்றார். பாய் தன் வாணியம்பாடி உருதுவில் "இத்தா நக்கோ" (இவ்வளவு வேண்டாம்) என்று பேரத்தைத் தொடங்கினார். கடைக்காரர் சிரித்தே விட்டார். "ஹைதராபாதா?" என்று கேட்டார். தமிழ்நாடு என்றதும் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு, பாயை இன்னொரு முறை 'நக்கோ' சொல்லச் சொன்னார். வேடிக்கைக்குக் கூலியாக விலை நானூற்று ஐம்பதுக்கு இறங்கியது.

பாய்க்குக் கோபம். நடந்து வரும்போது முணுமுணுத்துக்கொண்டே வந்தார்: "நக்கோவைப் பார்த்துச் சிரிக்கிறான். இவன் பாட்டனுக்குப் பாட்டன் பாரசீகத்தில் கவிதை எழுதிக்கொண்டிருந்தபோது எங்கள் தக்காணத்தில் உருதுவில் எழுதினார்கள்." பாய் மிகைப்படுத்தவில்லை. கோல்கொண்டா சுல்தான் முகம்மது குலி குதுப் ஷா 1612-க்குள் ஒரு முழுக் கவிதைத் தொகுப்பை அந்த மொழியில் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். தெற்கே இருந்து போன வலி என்ற கவிஞரின் கவிதைகள் 1720-ஐ ஒட்டித் தில்லியில் பரவிய பிறகுதான் அங்குள்ள கவிஞர்களுக்கு, தாங்கள் தெருவில் பேசுவதிலேயே கவிதையும் எழுதலாம் என்ற துணிச்சல் வந்தது. அப்போது அதற்கு உருது என்ற பெயர்கூடக் கிடையாது. இந்தவி, ரேக்தா, தக்கினி என்று ஆளுக்கொரு பெயர்.

கிளம்பும் நேரத்தில் இன்னொன்று கையில் சிக்கியது. அட்டை இல்லை, முதல் சில பக்கங்கள் இல்லை. கைத்தொழிலாளர்களின் கலைச்சொற்களைத் தொகுத்த எட்டுப் பாக அகராதியின் ஒரு பாகம். 1939 தொடங்கி அஞ்சுமன் தரக்கி-எ-உருது என்ற உருது வளர்ச்சிச் சங்கம் வெளியிட்டது. எண்பது ரூபாய். தச்சன், தறிகாரன், கொத்தன் என்று பட்டறை பட்டறையாகப் போய்ச் சொல் பொறுக்கியிருக்கிறார்கள்.

ஜனவரி 8, திங்கள், தில்லி

உருது என்பது துருக்கியச் சொல். படை முகாம் என்று பொருள். செங்கோட்டையும் அதைச் சுற்றிய நகரமும் 'மேன்மை தங்கிய முகாம்'. அங்கே பேசிய மொழி முகாமின் மொழி. பெயரில் 'மொழி' உதிர்ந்து 'முகாம்' மட்டும் மிஞ்சியது. இன்று ஜும்மா மசூதிக்கு எதிரே உள்ள உருது பஜாரில் நடந்தால், புத்தகக் கடைகளை விடக் கபாப் கடைகள்தான் அதிகம். மீதமிருக்கும் புத்தகக் கடைகளுக்குள்ளும் கறி சுடும் புகை வருகிறது. ஒரு கடைக்காரர் தும்மிக்கொண்டே ஃபர்ஹங்-எ-ஆசஃபியா என்ற உருது அகராதியின் மறுபதிப்பை இறக்கிக் காட்டினார்.

இந்த ஒரு புத்தகத்துக்காகவே தில்லிக்கு வரலாம். தொகுத்தவர் சையத் அகமது தெஹ்லவி, 1846-இல் இதே ஊரில் பிறந்தவர். இளம் வயதில் ஃபாலன் என்ற ஆங்கிலேயக் கல்வி அதிகாரிக்கு உதவியாளராகப் பீகாரின் தானாபூரில் ஏழு ஆண்டு வேலை பார்த்தார். ஃபாலனின் இந்துஸ்தானி அகராதி 1879-இல் வந்தது. ஏட்டு மொழியை ஒதுக்கிவிட்டு நாட்டுப்பாடல், பழமொழி, பெண்கள் பேச்சு என்று தேடியவர் ஃபாலன். சீடரும் அந்தக் கெட்ட பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். ஊர் திரும்பி, பல்லாண்டு உழைத்து, நான்கு பாகங்களில் ஐம்பத்து நான்காயிரம் சொற்களைத் தொகுத்தார். உதவிய ஹைதராபாத் நிஜாமின் ஆசஃப் ஜாஹி வம்சப் பெயரைத் தலைப்பில் வைத்தார். 1912-இல் வீடு தீப்பிடித்தது. விற்காமல் வைத்திருந்த பிரதிகளும் நூல்களும் சாம்பலாயின. அந்த வயதிலும் ஓயாமல், பெண்களின் சொற்களுக்கென்றே தனியாக ஓர் அகராதி போட்டுவிட்டு 1918-இல் இறந்தார்.

நான் வசூலைத் தேடினேன். கிடைக்கவில்லை. வாவ், சீன் என்ற எழுத்துகளில் தேடினேன், இல்லை. பாய் பக்கத்தில் நின்று வேண்டுமென்றே உதவாமல் வேடிக்கை பார்த்தார். உருதுவில் 'ஸ' ஒலிக்கு மூன்று எழுத்து, 'ஸ' என்பதன் அதிர்வுடைய 'Z' ஒலிக்கு நான்கு எழுத்து. அரபு மூலத்தில் அவை தனித்தனி ஒலிகள். இங்கே வாயில் எல்லாம் ஒன்றாகிவிட்டன, எழுத்தில் மட்டும் பிரிந்து நிற்கின்றன. றகர ரகரத்தில் தடுக்கி விழும் நம் பிள்ளைகளை இனி நான் திட்டப் போவதில்லை.

கடைக்கு வெளியே திண்ணையில் ஒரு காதிப் உட்கார்ந்திருந்தார். அழகெழுத்து எழுதுபவர். கணினி எழுத்துரு வந்த பிறகு அச்சு வேலை போய், இப்போது திருமண அழைப்பும் பெயர்ப்பலகையும்தான். ஐம்பது ரூபாய் கொடுத்து 'வசூல்' என்று எழுதித் தரச் சொன்னேன். நாணல் பேனாவைச் சாய்த்து, சீனுக்குப் பதிலாக வயிறு பெருத்த ஸ்வாதைப் போட்டார். "வஸ்ல், விசால், வசூல். மூன்றும் ஒரே வேர்" என்றார். பாய் மொழிபெயர்த்தார். வஸ்ல் என்றால் காதலர் கூடுவது. விசாலும் அதுவே, இறைநேசர் ஒருவர் இறந்தால் அதையும் விசால் என்பார்கள், இறைவனோடு சேர்ந்துவிட்டார் என்ற பொருளில். வசூல் என்றால் வந்து சேர்வது.

முப்பத்து நான்கு ஆண்டு கிஸ்தி வசூல் பதிவேட்டில் கோடு போட்டேன். ஒருவராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

மதியம் தௌலத் கி சாட். பெயரில்தான் சாட், காரம் கிடையாது. பாலைக் கடைந்து எடுத்த நுரை, மேலே குங்குமப்பூ நிறம், கொஞ்சம் பொடித்த சர்க்கரை. பனி விழும் மாதங்களில் மட்டும் தெருவில் வரும். தொன்னை அறுபது ரூபாய். வாயில் வைத்தேன், அங்கே ஒன்றும் இல்லை. பாய், "அறுபது ரூபாய்க்குக் காற்று" என்றார். ஆனால் இரண்டாவது தொன்னையை வாங்கியவரும் அவர்தான்.

ஜனவரி 9, செவ்வாய், தில்லி

பல்லிமாரான் தெருவில் செருப்புக் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே புகுந்து, காசிம் ஜான் சந்தில் காலிப் வாழ்ந்த வீடு. கவிஞராக எல்லோருக்கும் தெரியும். அகராதிக்காரர்களோடு மல்லுக்கு நின்றவர் என்பது எனக்கு இந்தப் பயணத்துக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது. 17-ஆம் நூற்றாண்டில் தக்காணத்தில் தொகுக்கப்பட்ட 'புர்ஹான்-எ-காதே' என்ற பாரசீக அகராதியின் தவறுகளைக் கிழித்து 1862-இல் ஒரு நூல் எழுதினார். நாடே கொந்தளித்தது. மறுப்பு நூல்கள் வரிசைகட்டி வந்தன. ஒன்றில் வசவு எல்லை மீறவே, எழுபது வயதில் நீதிமன்றம் போனார். மானநஷ்ட வழக்கு. கடைசியில் சமரசமாகி வழக்கு முடிந்தது. அப்படிச் சமரசம் எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்கு அவர்கள் மொழியில் ராஜிநாமா என்று பெயர். ராஜி என்றால் இசைவு. நம் ஊரில் அது வேலையை விட்டுப் போகும் கடிதமாகிவிட்டது. பதவியை விடுவதற்கு உருதுக்காரர்கள் இஸ்தீஃபா என்பார்கள்.

வீடு சிறியது. சுவரில் கவிதைகள். உள்ளே எங்களைத் தவிரப் படம் எடுக்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் நால்வர். ஒரு பெண், சுவரிலிருந்த வரியைப் பாயிடம் காட்டி அர்த்தம் கேட்டாள். பாய் படித்துப் பொருள் சொன்னார். தில்லிப் பெண்ணுக்குத் தில்லிக் கவிஞனை வாணியம்பாடிக்காரர் விளக்கிய பெருமிதம், இரவு வரை அவர் நடையில் தெரிந்தது.

ஜனவரி 10, புதன்

பாய்க்கு வயிறு சரியில்லை. நேற்றைய நிஹாரியைக் குற்றம் சொன்னார். மூன்று தட்டு சாப்பிட்டதைச் சொல்லவில்லை. அறையிலேயே கிடந்தோம். பிளாட்ஸ் படித்தேன். ஜமீனும் ஜாமீனும் நம் மொழியில் அண்ணன் தம்பி போல இருக்கின்றன. அங்கே எழுத்தே வேறு: நிலத்துக்கு 'ஜே', பிணைக்கு 'ஜ்வாத்'. உறவே இல்லை. மசோதா என்றால் கறுப்பாக்கப்பட்டது. மை அப்பிய முதல் பிரதி. சட்டமன்றத்தில் அடுத்த முறை மசோதா தாக்கல் என்று செய்தி வந்தால் எனக்கு மைக்கறை படிந்த விரல்தான் தெரியும்.

ஜனவரி 11, வியாழன், ரயில்

காலை பத்து மணிக்குப் புறப்பட வேண்டிய ரயில் மாலை நான்கரைக்குப் புறப்பட்டது. மூடுபனி. எதிர் நடைமேடையே தெரியவில்லை. ஆறரை மணி நேரம் சிமென்ட் பலகையில் உட்கார்ந்திருந்ததில் எனக்கும் இடுப்பு போயிற்று. எதிரே ஒரு மொராதாபாத் குடும்பம். தகப்பனார் பித்தளை வியாபாரி. நாங்கள் பட்டினி என்று தெரிந்ததும், கேட்காமலே பராத்தாவும் முள்ளங்கி ஊறுகாயும் தாளில் வைத்து நீட்டினார். மறுத்தேன். "தகல்லுஃப் வேண்டாம்" என்றார். வேண்டாத சம்பிரதாயம், கூச்சம், உபசாரம், மூன்றும் கலந்த சொல். இதற்குத் தமிழில் ஒரே சொல் இருக்கிறதா என்று பராத்தா தீரும்வரை யோசித்தேன்.

ராம்பூரில் இறங்கும்போது இரவு ஒன்பது.

ஜனவரி 12, வெள்ளி, ராம்பூர்

ராம்பூர் ரஜா நூலகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. திட்டப்படி வந்திருந்தால் நேற்று மதியமே உள்ளே போயிருப்போம். லக்னோவுக்கு டிக்கெட் இன்றிரவு. தவறு முழுக்க என்னுடையது. ஜனவரி மூடுபனியைக் கணக்கில் சேர்க்காத கணக்கு எழுத்தன்.

கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, நூலகம் இருக்கும் ஹமீத் மன்ஜில் மாளிகையைப் பார்த்தோம். பனிக்குள் கோபுரங்கள் மட்டும் மிதந்தன. 1774-இல் நவாப் ஃபைசுல்லா கான் தன் சொந்த நூல்களால் தொடங்கிய நூலகம். இன்று ஆயிரக்கணக்கான கையெழுத்துப் பிரதிகள் உள்ளே இருக்கின்றன. காவலர் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். கதவைத் திறக்கவில்லை, நாற்காலியைக் கொடுத்தார்.

நான் இங்கே வந்தது அமீர் மீனாய்க்காக. லக்னோக் கவிஞர். 1857-க்குப் பிறகு அந்த ஊர் சிதைந்ததும் ராம்பூர் நவாப்களின் நிழலுக்கு வந்தார். இங்கிருந்தபடி 'அமீர்-உல்-லுகாத்' என்ற பேரகராதியைத் தொடங்கினார். 1891-இல் முதல் பாகம், 1892-இல் இரண்டாம் பாகம். இரண்டும் முதல் எழுத்தான அலிஃப் மட்டும். உருதுவுக்கு முப்பதுக்கு மேல் எழுத்துகள். ஆதரவு தேடி 1900-இல் ஹைதராபாத் போனார். போன சில வாரங்களில் அங்கேயே இறந்தார். அவர் கண்முன்னே அச்சேறியது அலிஃப்தான்.

நானும் ராம்பூரில் கதவைத் தாண்டவில்லை. காவலரின் நாற்காலியில் அமீர் மீனாயோடு சேர்ந்து உட்கார்ந்ததாக வைத்துக்கொண்டேன்.

பொழுது போக வேண்டுமே. கடைத்தெருவில் ராம்பூர்க் கத்திக் கடை. பழைய இந்திப் படத்து வில்லன்களின் மடக்குக் கத்தி. நீளத்துக்குச் சட்டக் கட்டுப்பாடு வந்த பிறகு வியாபாரம் சுருங்கிவிட்டது என்றார் கிழவர். கைப்பிடி 'தஸ்தா', அலகு 'ஃபல்', மடக்கும் வில் 'கமானி' என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். கமானியில் நான் நிமிர்ந்தேன். எங்கள் ஊர் லாரிப் பட்டறையில் வில்தட்டைக் 'கமான் பட்டை' என்கிறார்களே! கமான் என்றால் பாரசீகத்தில் வில். பட்டறைப் பையன் கிரீஸ் கையோடு சொல்லும் சொல்லை ராம்பூர்க் கிழவர் கத்தியில் வைத்திருக்கிறார். கைத்தொழில் அகராதியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் படித்தார். இரண்டு இடத்தில் "தப்பு" என்றார். அதைப் பென்சிலில் குறித்துத் தரும்படி கேட்டேன். குறித்துக் கொடுத்தார். கத்தி வாங்கவில்லை, ரயிலில் ஏற்ற முடியாது. இஞ்சி அல்வா கால் கிலோ வாங்கினோம். இனிப்புக்குள் இஞ்சி எரிந்தது. பாயின் வயிற்றுக்கு அது மருந்தானது.

ஜனவரி 13, சனி, லக்னோ

விடிகாலையில் இறங்கி நேரே சௌக். கோல் தர்வாஜா பக்கம் தள்ளுவண்டிகளில் அதே பால் நுரை. இங்கே பெயர் மக்கன் மலாய். தில்லியில் 'தௌலத் கி சாட்' என்று சாப்பிட்டோம் என்றேன். வண்டிக்காரர் முகத்தில் லேசான வருத்தம். "தில்லியில் அப்படிச் சொல்வார்கள்" என்றார், நோயாளியைப் பற்றிப் பேசுவது போல.

இந்தச் சண்டை இருநூறு ஆண்டுப் பழசு. நாதிர் ஷா 1739-இல் தில்லியைச் சூறையாடிய பிறகு கவிஞர்கள் மெல்ல மெல்லக் கிழக்கே பெயர்ந்தார்கள். மீர் 1782-இல் லக்னோ வந்தார். அதன் பிறகு எது சரியான உருது என்பதில் இரண்டு ஊருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரே சொல் அங்கே ஆண்பால், இங்கே பெண்பால். தில்லியின் ஆசஃபியாவுக்கு லக்னோவின் பதில் 'நூர்-உல்-லுகாத்'. பக்கத்துக் காக்கோரிக்காரரான நூருல் ஹசன் நய்யர் 1920-களில் கொண்டுவரத் தொடங்கிய நான்கு பாகங்கள்.

அதைத் தேடி அமீனாபாத் போனோம். வழியில் ஹஸ்ரத்கஞ்சில் நவல் கிஷோர் சாலை. 1858-இல் அச்சகம் தொடங்கி, குரானும் வேதமும் மருத்துவமும் கவிதையுமாக அச்சிட்டுத் தள்ளிய முன்ஷி நவல் கிஷோரின் பெயர். காலிபின் அகராதிச் சண்டைப் புத்தகமும் அந்த அச்சகத்தில் வந்ததுதான்.

புத்தகக் கடை முதியவர் எழுந்து நின்று வரவேற்றார். தன்னை 'நாங்கள்' என்றும், எங்களைப் பார்த்துப் பேசும் ஒவ்வொரு வினையிலும் இரட்டை மரியாதையும் வைத்துப் பேசினார். பாய் தன் உருதுவை அடக்கி வாசித்தார். ஒரு 'நக்கோ'கூட வெளியே வரவில்லை. என் நோட்டைப் பார்த்த முதியவர் ஜப்தியில் நின்றார். உங்கள் ஊரில் இதற்கு என்ன பொருள் என்று கேட்டார். வரி கட்டாதவன் வீட்டு அண்டாவையும் மாட்டையும் எடுத்துப் போவது என்று நடித்துக் காட்டினேன். 1987-இல் நானே போயிருக்கிறேன். ஒரு கிழவி பித்தளைத் தவலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நெஞ்சில் கை வைத்து, "ஜப்த் என்றால் நாங்கள் முதலில் இதை நினைப்போம்" என்றார். அழுகையை அடக்கிக்கொள்வது. துக்கத்தை வெளியே விடாமல் பிடித்து நிற்பது. அரசாங்கம் பொருளைப் பிடிப்பதும் அதே சொல்தான், ஆனால் அது பின்னால்தான் ஞாபகம் வரும் என்றார்.

நூர்-உல்-லுகாத் முழுத் தொகுதி கடையில் இல்லை. கிடங்கில் இருக்கிறது, நாளை தருவதாகச் சொன்னார். நாளை ஞாயிறு, கடை விடுமுறை. "உங்களுக்காகத் திறப்போம்."

ஜனவரி 14, ஞாயிறு, லக்னோ

வீட்டில் போகி. மகள் தொலைபேசியில், பழைய நோட்டுகளை எரிக்கவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இங்கே சங்கராந்தியைக் கிச்சடி என்றே சொல்கிறார்கள். விடுதிக்காரர் உளுந்துக் கிச்சடியில் நெய்யை ஊற்றி, காசு வாங்க மறுத்துவிட்டார்.

பதினொரு மணிக்கு முதியவர் கம்பளிக்குள் சுருண்டபடி வந்து அரைக் கதவைத் தூக்கினார். நான்கு பாகங்களையும் துணியால் துடைத்து மேசையில் வைத்தார். பிறகு பேரன் கைபேசியை வாங்கி, கராச்சி உருது அகராதி வாரியத்தின் அகராதியைக் காட்டினார். 1958-இல் தொடங்கி, மௌல்வி அப்துல் ஹக் முதல் தலைமை ஆசிரியராக இருந்து, 2010-இல் இருபத்திரண்டாம் பாகத்தோடு முடித்தார்கள். ஒவ்வொரு சொல்லும் எந்த நூற்றாண்டில் யார் எழுத்தில் வந்தது என்று சான்றோடு இருக்கும். அப்துல் ஹக் மீரட் பக்கம் ஹாபூரில் பிறந்தவர். அவுரங்காபாதிலும் தில்லியிலும் இருந்து அஞ்சுமனை நடத்தியவர், பிரிவினைக்குப் பிறகு கராச்சி போனார். "இங்கே விதைத்தது, அங்கே அறுவடை" என்றார் முதியவர். அறுவடைக்கு ஃபசல் என்று அவர் சொன்ன சொல்தான் என் பசலி. இதைச் சொன்னேன். ஜூலை ஒன்றாம் தேதி எங்களுக்குப் புத்தாண்டு என்றதும் வெகுநேரம் சிரித்தார்.

விலை இரண்டாயிரத்து இருநூறு. என்னிடமும் பாயிடமும் சேர்த்து இரண்டாயிரத்து நூற்று அறுபது இருந்தது. கைபேசியில் அனுப்பலாம் என்றால் சமிக்ஞை சுற்றிக்கொண்டே இருந்தது. நாற்பது ரூபாய்க்கு வங்கி இயந்திரம் தேடிக் கிளம்பினேன். முதியவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"பாக்கி ரஹே" என்றார். பாக்கி இருக்கட்டும்.

ரசீதில் முழுத் தொகையையும் எழுதி, கீழே எதையும் குறிக்காமல் கொடுத்தார். பாய் அதை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் இரண்டு முறை படித்தார்.

"பசலி 1433-இல் தாசில்தார் சார் பேரில் நாற்பது ரூபாய் நிலுவை" என்றார். "ஜப்திக்கு யார் வருவார்கள்?"

ரயில் இரவு ஏழரைக்கு. இப்போதே மூன்று மணி நேரம் தாமதம் என்கிறார்கள்.